வராதவர்களின் கணக்கு

கொழும்பில் ஏழு வருஷம்.
இப்போது உப்புவெளியில் மேல்மாடி அறை,
இரண்டு திரை, கரன்ட் போனால் ஒரு பற்றரி.
ஊர் படுத்தபின் என் வேலை எழும்பும்.

என்ன உத்தியோகம் என்று கேட்பவர்களுக்கு
"பிளேனில் சீற் விற்கிறேன்" என்பேன்.
கனடா ரிக்கற் இப்ப எவ்வளவு பிள்ளை?
எவ்வளவு என்று தெரியாது.
ஏன் அவ்வளவு என்று தெரியும்.

ஒரே வரிசை, ஒரே ஜன்னல், அதே கோழித்துண்டு,
பதினெட்டு விலை.
விலைக்கொரு எழுத்து.
எந்த எழுத்தை எந்த நாளில் மூடுவது,
அதற்குத்தான் சம்பளம்.

விடிந்து கடற்கரைக்குப் போனால்
சூசைதாசன் அறக்குளா கூறிக்கொண்டு நிற்பார்.
வெயில் ஏற ஏற அவர் விலை இறங்கும்.
என் சரக்கு மறுவளம்:
நாள் கிட்டக் கிட்ட ஏறி,
கதவு சாத்திய நொடியில் முழுதாக அழுகிவிடும்.
முப்பத்தையாயிரம் அடியில் வெறும் சீற்றுக்கு
ஐஸ் போட ஏலாது.
ஒருநாள் அவரிடம் இதைச் சொன்னேன்.
செதிலைத் தட்டிவிட்டுக் கேட்டார்:
"அப்ப உங்கட மீன் சாகச் சாக விலை கூடுமோ?"

குவைத்திலிருந்து கொழும்பு, வியாழன் இரவு.
சீற் நூற்று அறுபத்திரண்டு.
விற்றது நூற்று அறுபத்தொன்பது.
ஏழு பேர் வரமாட்டார்கள் என்று
மூன்று வருஷத்து வியாழக்கிழமைகள் சொல்லின.

வராதவர்.
எங்கள் துறையில் அது ஒரு வீதம், நாலு தசம் ஒன்று.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
மேசையில் வைத்துவிட்டு எழும்ப முடியாது.
கச்சேரியடியில் படங்களோடு இருக்கும் பெண்களிடம்
வீதம் கேட்கவும் முடியாது.

அன்றைக்கு ஆறு பேர் வரவில்லை.
பிழை ஒன்று.
ஒன்று என்றால் மெச்சுவார்கள்.
மெச்சினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு முறைப்பாடு.
"தமிழ் போலக் கிடக்கு, தர்மினி, பெயர்த்துத் தாரும்."
கோடு போட்ட கொப்பித்தாள், போனில் பிடித்த படம்:

*நான் சித்தி நஸீமா, கிண்ணியா மாஞ்சோலைச்சேனை.
நாலு வருஷம் லீவில்லாமல் வேலை செய்தேன்.
என்னை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.
சாப்பாட்டுக் கூப்பன் தந்தார்கள். மற்ற நாள் ஏற்றினார்கள்.
என் ரிக்கற்றில் உறுதி என்று இருந்தது.
உறுதி என்றால் என்னவென்று
தயவுசெய்து அறியத்தரவும்.*

அவ்வளவுதான்.
பிள்ளையின் வருத்தத்துக்கோ வாப்பாவின் மௌத்துக்கோ
பிந்திப்போனேன் என்று ஒரு வரியும் இல்லை.
இருந்திருந்தால் மொழிபெயர்ப்பது சுலபம்.
அந்தக் கடைசிக் கேள்வியோடு
மூன்று மணிவரை இருந்தேன்.

கிண்ணியாப் பாலம் தாண்டினால் அரைமணி நேரம்.
போகவில்லை.

மனேஜர் பதவிக்கு நேர்முகம் வந்தது.
திரையில் நாலு முகம்.
"உன் ஆகத் திறமான எதிர்வுகூறல் எது?"
பிழை ஒன்று வந்த அந்த வியாழனைச் சொன்னேன்.
வேறொன்றும் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.
வேலை கிடைத்தது. சம்பளம் டொலரில்.

இப்போது அந்த வியாழனுக்கு
நூற்று அறுபத்தெட்டுடன் நிறுத்துகிறேன்.
கிழமைக்கு ஒருமுறை சிஸ்டம் சிவந்து
ஏன் குறைத்தாய் என்று கேட்கும்.
காரணம் தெரிய ஒரு பட்டியல் தரும்:
பண்டிகை, காலநிலை, போட்டி விலை.
"ஏனையவை" என்பதை அழுத்துவேன்.
வருஷக் கடைசியில் அந்தக் காசுக்கு
ஒரு ஓட்டோ வாங்கலாம்.
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல என்னிடம் எண் இல்லை.

நஸீமாவுக்குப் பதில் போனது:
வருந்துகிறோம், ஐம்பது டொலர் வவுச்சர்,
ஒரு வருடத்துள் பாவிக்கவும்.
அந்த இலக்கத்தைச் சிலநேரம் திறந்து பார்ப்பேன்.
பாவிக்கவில்லை.
இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.